ஆம்பளைக் கூலி, பொம்பளைக் கூலி: வேலையிடப் பாகுபாட்டுப் புகார் எங்கே போய், எப்படித் தீர்கிறது?

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஏதாவது ஒரு சின்னத் தோட்டத்தில் நின்று, "இங்கே ஆள் கூலி எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன்னால் ஓர் எதிர்க்கேள்வி வந்தாலும் வரும்: "ஆம்பளை ஆளா, பொம்பளை ஆளா?" எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேலம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இரட்டைக் கூலி புதிதில்லை. எங்கள் வீடு கட்டியபோது அப்பா கணக்கெழுதிய நோட்டு இன்னும் பரணில் கிடக்கிறது. அதில் பெரியாள், சித்தாள் என்று இரண்டு பத்தி. சித்தாள் பத்தி முழுக்கப் பெண்கள். மணல் சுமந்ததும் கலவை தூக்கியதும் இரண்டு பேரும்தான். அப்பாவுக்கு அது தப்பாகத் தெரியவில்லை, கூலி வாங்கியவர்களும் கேட்கவில்லை, எனக்கும் ரொம்ப நாள் உறைக்கவில்லை.

யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்? சட்டம் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பாகுபாடு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு பேருக்கு இரண்டு கூலி கொடுப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறி நிழல் கழிப்பது ஒரு வேலை, கீழே நின்று பழம் பறிப்பது வேறு வேலை. கூலி வேறுபடலாம். ஆனால் ஒரே வரிசையில் நின்று, ஒரே நேரத்துக்குக் களை வெட்டுகிற இரண்டு பேரில் ஆணுக்குக் கூட, பெண்ணுக்குக் குறைச்சல் என்றால் அது பாகுபாடு. ‘ஒரே வேலை அல்லது ஒத்த வேலை’ என்பதுதான் சட்டத்தின் அளவுகோல். அந்த வேலைக்கு வேண்டிய திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடைமுறையில் பெரிதாக எண்ணத் தேவையில்லாத சின்ன வித்தியாசங்களைக் காட்டி முதலாளி தப்பிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது: "சரி, சமமாக்கிவிடுகிறேன்" என்று ஆம்பளைக் கூலியைக் குறைத்துப் பொம்பளைக் கூலிக்குக் கொண்டுவருவதைச் சட்டம் தடுக்கிறது. கீழே இருப்பதைத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

1976 முதல் இதைச் சொல்லிவந்தது சம ஊதியச் சட்டம். இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 என்பதற்குள் கரைந்துவிட்டது. மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எனவே பழைய கையேடுகளில் இருக்கும் பிரிவு எண்களை அப்படியே மனுவில் எழுதிவிடாதீர்கள்.

பாகுபாட்டையும் அநியாயத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது எல்லாரும் செய்கிற தவறு. மேனேஜர் எல்லாரையும் ஒரே மாதிரி கரித்துக்கொட்டுகிறார், போனஸ் எல்லாருக்கும் லேட், வாரச் சம்பளம் சனிக்கிழமை வராமல் திங்கள்கிழமை வருகிறது என்றால் அது அநியாயம்தான். அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அது பாகுபாடு ஆகாது. பாகுபாட்டுப் புகாரில் ‘எனக்கு இப்படிச் செய்தார்கள்’ என்ற முதல் பாதிக்குப் பிறகு, ‘என் மாதிரியே வேலை செய்யும் இன்னாருக்கு இப்படிச் செய்யவில்லை, காரணம் நான் பெண், நான் கர்ப்பிணி, நான் இந்தச் சாதி, எனக்கு ஒரு கால் சரியில்லை’ என்ற இரண்டாம் பாதி இருக்க வேண்டும். அந்த ‘இன்னார்’ யார் என்று காட்ட முடியாததால்தான் பல புகார்கள் அரைகுறையாக நின்றுபோகின்றன.

அடுத்தது, இந்தியாவில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம். வேலையிடப் பாகுபாட்டுக்கென்று ஒரே சட்டமோ ஒரே அலுவலகமோ இங்கே கிடையாது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தைத் தொடர்ந்து, சம வேலைவாய்ப்பு ஆணையம் என்று ஒன்று 1965 முதல் இயங்குகிறது. இனம், மதம், பால் எதை வைத்து ஒதுக்கினாலும் புகாரின் முதல் வாசல் அதுதான். 180 நாளுக்குள், சில மாநிலங்களில் 300 நாளுக்குள், புகாரைக் கொடுக்க வேண்டும். ஆணையம் விசாரிக்கும், சமரசம் பேசும், முடியவில்லை என்றால் ‘நீ வழக்குப் போடலாம்’ என்று கடிதம் கொடுக்கும். நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 14, 15, 16-ஆம் பிரிவுகள் சமத்துவத்தைப் பற்றி அழகாகப் பேசுகின்றன. ஆனால் வேலை விஷயத்தில் அவை முதன்மையாக அரசையும் அரசு நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்துகின்றன. சேலம் இரும்பாலை பொதுத்துறை என்பதால் அங்கே வேலை செய்பவர் இந்தப் பிரிவுகளைச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர் அப்படிப் போக முடியாது. தனியார் முதலாளி ஒருவர் உங்கள் மதத்தைக் காரணம் காட்டி வேலை இல்லை என்றால், நேராகக் கைகொடுக்கும் சட்டம் இங்கே மிக மெலிவு. இதைச் சொல்லக் கசக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும்.

ஆகவே முதல் கேள்வி, எந்த வாசலைத் தட்டுவது என்பது. பாகுபாட்டின் வகையைப் பொறுத்து வாசல் மாறும்.

கூலி வித்தியாசம் என்றால் தொழிலாளர் துறை. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கோரிக்கை மனு கொடுக்கலாம். தொழிலாளி தானே கொடுக்கலாம், சங்கம் கொடுக்கலாம், துறையின் ஆய்வாளரும் கொடுக்கலாம். தனியாகக் கையெழுத்துப் போடப் பயப்படுகிற பெண்களுக்கு இந்தக் கடைசி இரண்டு வழிகள் பெரிய ஆறுதல். மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க அதிகாரி முயல வேண்டும். நிலுவைத் தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் உத்தரவிடலாம். முதலாளி கட்டவில்லை என்றால் நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போல அரசே வசூலித்துத் தர வழி இருக்கிறது.

வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள் என்றால் பாதை கொஞ்சம் நீளம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குறைதீர்க்கும் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் நிர்வாகமும் தொழிலாளர்களும் பாதிப் பாதி. ஆனால் வேலைநீக்கம் என்று வந்துவிட்டால், இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் நேராகப் போவதுதான் வழக்கம். நம் ஊரில் புகார்கள் பெரும்பாலும் தீர்வதும் முட்டி நிற்பதும் அந்த மேசையில்தான் என்பதால், அங்கே என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனு போனதும் இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் வரும், ஒரு தேதி குறிப்பார்கள். அந்த அறை கோர்ட்டு மாதிரி இருக்காது. ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, ஃபைல் கட்டு. சினிமாவில் வரும் கூண்டை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் தொழிலாளியும் சங்கத்துக்காரரும். அந்தப் பக்கம் முதலாளி வருவது அபூர்வம், மேனேஜர் வருவார், அல்லது ‘மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்வதற்காகவே அனுப்பப்பட்ட ஒருவர் வருவார். முதல் வாய்தாவில் அனேகமாக ஒன்றும் நடக்காது. இரண்டாவதில் நிர்வாகம் எழுத்தில் பதில் கொடுக்கும். அந்தப் பதிலில் ‘பாகுபாடு’ என்ற சொல்லே இருக்காது. ‘வேலையில் கவனக்குறைவு’, ‘அடிக்கடி லீவு’, ‘ஆட்குறைப்பு’ இப்படித்தான் இருக்கும். ஐந்து மாதக் கர்ப்பிணியை நிறுத்திவிட்டு ‘அடிக்கடி லீவு’ என்று எழுதுவார்கள். அந்த லீவு ஆஸ்பத்திரி செக்கப்புக்குப் போனது என்பதைக் காட்ட மருத்துவச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சமரச அலுவலரால் தீர்ப்பு எழுத முடியாது. ‘இவரை மறுபடி வேலைக்கு எடு’ என்று உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார், எங்கே இறங்கி வருவார்கள் என்று பார்ப்பார். முதலாளியிடம் ‘கோர்ட்டுக்குப் போனால் வேலை இல்லாமல் இருந்த நாளுக்கான பின்சம்பளம் எவ்வளவு ஏறும் தெரியுமா’ என்பார். தொழிலாளியிடம் ‘வருஷக்கணக்காகும், தாங்குவீர்களா’ என்பார். இரண்டுமே உண்மை. ஒத்துவந்தால் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகும். சங்கத்துக்காரர்கள் இதைப் பழைய சட்டத்தின் பிரிவை வைத்து ‘12(3) ஒப்பந்தம்’ என்றே இன்னும் சொல்வார்கள். அந்த ஒப்பந்தம் இரண்டு தரப்பையும் கட்டும். ஒத்துவரவில்லை என்றால், சமரசம் முறிந்தது என்று முறிவறிக்கை எழுதப்படும். அது கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு மனு போட வேண்டும். வேலைநீக்க வழக்கு என்றால் சமரச மனு கொடுத்து 45 நாள் ஆனதும், முறிவறிக்கைக்குக் காத்திராமல் நேராகவே போகலாம், ஆனால் நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தில் இது மூன்று வருடமாக இருந்தது. ‘மூணு வருஷம் டைம் இருக்கு’ என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இன்னொரு பாதுகாப்பு: சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புடைய விஷயத்துக்காக உங்கள் வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றவோ, தண்டிக்கவோ, நீக்கவோ அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் நிர்வாகத்தால் முடியாது. நடைமுறையில் ஷிப்ட்டை மாற்றுவார்கள், தூரத்துப் பிரிவுக்குத் தூக்கிப் போடுவார்கள். அது நடந்த அன்றே எழுதி அலுவலரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாதை ‘தொழிலாளி’ என்ற சட்ட வரையறைக்குள் வருபவர்களுக்கானது. மேலாளர்கள் இதில் சேர மாட்டார்கள், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் சேர மாட்டார்கள். பெயருக்கு ‘சூப்பர்வைசர்’ என்று அடையாள அட்டை கொடுத்துவிட்டு, நாள் முழுக்க நூல் மில்லில் மெஷினோடு நிற்க வைப்பது ஒரு பழைய தந்திரம். தீர்ப்பாயம் அட்டையை விட்டுவிட்டு உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்கும்.

சரி, சமரசம் முறிந்து கடைசி வரை போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மும்பையில் மெக்கினன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் ஆட்ரி டி கோஸ்டா என்ற பெண் ஸ்டெனோகிராஃபராக இருந்தார். அதிகாரிகளுக்கு அந்தரங்க ஸ்டெனோவாகப் பெண்களை மட்டுமே அமர்த்தியிருந்தார்கள். ஆண் ஸ்டெனோக்களுக்குச் சம்பளம் அதிகம். 1977-இல் அவருடைய வேலை போனது. அதன் பிறகு அவர் சம ஊதியச் சட்டத்தின்கீழ் மனு போட்டார். முதல் அதிகாரி தள்ளுபடி செய்துவிட்டார். மேல்முறையீட்டில் ஜெயித்தார். நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது, பிறகு உச்ச நீதிமன்றம் போனது. நிறுவனத்தின் வாதங்களைக் கேட்டால் நம் ஊர் மேனேஜர்கள் சொல்வது போலவே இருக்கும்: அவர்கள் வேலை வேறு, சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இந்தச் சம்பளம் வைத்தோம், சமமாகக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. 1987-இல் உச்ச நீதிமன்றம் மூன்றையும் ஏற்கவில்லை. இரண்டு வேலையும் நூலிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, விரிவான பார்வையில் பார்க்க வேண்டும் என்றது. சமச் சம்பளத்துக்கு நிறுவனத்தின் வசதி ஒரு நிபந்தனை இல்லை என்றது. வேலை போனது 1977, இறுதித் தீர்ப்பு 1987. பத்து வருடம். சமரச மேசையில் ‘தாங்குவீர்களா’ என்று அலுவலர் கேட்பது இதனால்தான்.

பாலியல் தொல்லைக்கு வாசல் முற்றிலும் வேறு. இதை ஏன் பாகுபாட்டோடு சேர்க்கிறேன் என்றால், 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சமத்துவ உரிமையின் மீறல் என்றுதான் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2013-இல் சட்டம் வந்தது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைவர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை, ஓட்டல், வீட்டு வேலை என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆறு பேர் வேலை செய்யும் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிற பெண்ணுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்பது சேலத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இங்கே கெடு மிகக் குறுகியது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது, அந்தப் பெண் எழுதிக் கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ குழு பரிந்துரைக்கலாம். சமரசம் அவர் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் கொடுத்து முடிப்பதாக இருக்கக் கூடாது. ‘நிரூபிக்க முடியாவிட்டால் உன்மேல் நடவடிக்கை வரும்’ என்று சொல்லிப் பயமுறுத்துவது சகஜம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமென்றே பொய் என்று விசாரித்து நிலைநாட்டினால்தான் நடவடிக்கை, நிரூபிக்க முடியாமல் போனது அதற்குப் போதாது.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது வேலைத் தகராறோடு நிற்காது, குற்றமாகிவிடும். புகார் கொடுப்பவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, இழிவுபடுத்தியவர் அந்த வகுப்புகளைச் சேராதவராக இருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். (பெயரைப் பார்த்துக் கேரளக்காரர்கள் என்று நினைக்கும் வெளியூர்க்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர்கள் இந்த மலையின் மக்கள்.) ஏற்காட்டில் நடந்தால் மாவட்ட எஸ்.பி.யின் எல்லை, சேலம் டவுனுக்குள் என்றால் மாநகர கமிஷனரின் எல்லை. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வழக்குப் பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. ஒரு நுணுக்கம் மட்டும்: இழிவுபடுத்தியதற்கான பிரிவு பொருந்த, அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். உலர்களத்தில் பத்துப் பேர் முன்னால் சொன்னதும், பூட்டிய அறையில் யாரும் இல்லாமல் சொன்னதும் சட்டத்துக்கு ஒன்றில்லை. அதனால் யார் யார் நின்றார்கள் என்ற பெயர்கள்தான் அந்தப் புகாரின் உயிர்.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டமும், மாநில ஆணையரும் இருக்கிறார்கள். திருநர்களை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவரையும் வைக்கச் சொல்கிறது. எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி நீக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்கினால் அந்த நீக்கமே செல்லாது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக உள்ளவருக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் சேலத்துக்காரர்கள் விட மாட்டார்கள். எது நடந்தாலும் அங்கே ஒரு மனு கொடுத்துவிட்டு வருவது நம் பழக்கம். கொடுங்கள், தப்பில்லை. மனு உரிய துறைக்குப் போகும், ரசீதும் கிடைக்கும். ஆனால் அது மேலே சொன்ன எந்த வாசலிலும் புகார் கொடுத்ததாக ஆகிவிடாது, மூன்று மாதக் கெடுவோ இரண்டு வருடக் கெடுவோ அதற்காக நிற்காது. அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேஸ் நடக்கிறது என்று நம்பிக் காத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்றால், அஸ்தம்பட்டி கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்றால், வேலை செய்ததற்கு ஏதாவது ஓர் அடையாளம்: ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், ஒன்றும் இல்லை என்றால் மேஸ்திரி வாட்ஸ்அப்பில் ‘நாளைக்கு வா’ என்று அனுப்பிய செய்தி. நிர்வாகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும். அப்புறம் ஒரு முழுத்தாளில் தேதி வாரியாக என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், உங்கள் வேலையையே செய்து உங்களைவிட அதிகம் வாங்குகிறவர் யார், அவருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு. வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்.